கழுத்தை விடுங்கள், கருவியைத் திருப்புங்கள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெங்களூருவின் பெரிய சாலைகளில் ஒன்றுக்கு ஓசூரின் பெயர். மூளை, நரம்புச் சிகிச்சைக்கு நாடறிந்த நிம்ஹான்ஸ் மருத்துவமனை அந்த ஓசூர் ரோட்டின் மேல்தான் இருக்கிறது. சூளகிரிப் பக்கம் லாரியின் பின்புறம் மோதி விழுந்த பைக் ஓட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து தவறியவர், சிப்காட் தொழிற்பேட்டையில் சரிந்த சரக்குப் பெட்டியைத் தலையில் வாங்கியவர் என்று, பலத்த அடிபட்டவர்களில் பலர் ஜூஜுவாடியையும் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியையும் தாண்டி, தங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய சாலையிலேயே அங்கே போய்ச் சேருகிறார்கள்.

அந்தப் பயணத்தின் ஏதோ ஓரிடத்தில், தமிழக-கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒரு சின்ன அறையின் கதவு சாத்தப்படும். உள்ளே நோயாளியும் எக்ஸ்ரே எடுப்பவரும் மட்டும். அரசு ஆவணங்களில் அவர் நுண்கதிர் வீச்சாளர். நோயாளிகளுக்கு 'எக்ஸ்ரே எடுக்கிற தம்பி', அல்லது 'எக்ஸ்ரேக்காரம்மா'. பொத்தானை அழுத்தும் நேரம் நொடியில் ஒரு துணுக்கு. அதற்கு முந்தைய மூன்று நான்கு நிமிடங்களில், அவர் நோயாளியை எப்படி நிறுத்துகிறார், எப்படிக் கிடத்துகிறார், என்ன சொல்கிறார் என்பதில்தான் படம் உருவாகிறது. தொழிலில் இதற்குப் 'பொசிஷன்' என்று பெயர். கழுத்துக்கான பொசிஷனைப் போல எடுப்பவரைச் சோதிப்பது வேறொன்று இல்லை.

எக்ஸ்ரே என்பது நிழல். 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்கன் அந்தக் கதிரைக் கண்டறிந்த நாளிலிருந்து, கணினித் திரையில் படம் விழும் இன்றுவரை, இந்த அடிப்படை மாறவில்லை. தோல்பாவைக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பாவை திரையை ஒட்டி நின்றால் நிழல் கச்சிதமாக விழும். திரையைவிட்டு விலகி விளக்கை நெருங்கினால் நிழல் பெருக்கும், விளிம்பு கலங்கும்.

கழுத்தைப் பக்கவாட்டில் எடுக்கும்போது இந்தத் தொல்லை உடனே தலைகாட்டுகிறது. தோள் குறுக்கே நிற்பதால் கழுத்தைப் படத்தட்டோடு ஒட்ட வைக்க முடியாது. சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொள்வோம். கதிர்க்குழாய் தட்டிலிருந்து வழக்கமான 100 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், 15 மில்லிமீட்டர் எலும்பு படத்தில் 20 மில்லிமீட்டராகும். குழாயை 180 சென்டிமீட்டருக்குப் பின்னால் தள்ளினால் அதே எலும்பு ஏறக்குறைய பதினேழரைதான், விளிம்பும் கூர்மை. ஆறடி தூரத்திலிருந்து எதற்கு எடுக்கிறார் என்று கேட்கும் நோயாளிக்கு விடை இந்தக் கணக்கு. ஒட்டிவர முடியாத கழுத்தை இழுத்து ஒட்ட வைக்காமல், குழாய் பின்வாங்கிக்கொள்கிறது. கழுத்துப் படத்தின் மற்ற நுட்பங்களும் பெரும்பாலும் இதே குணம் கொண்டவை.

கழுத்தில் எலும்புகள் ஏழு. மேலே முதலிரண்டும், அட்லஸும் ஆக்சிஸும், தலையைத் திருப்புவதற்கென்றே வார்த்த ஜோடி. கீழே ஏழாவது எலும்பு முடிந்து மார்பு முதுகெலும்பின் முதலாவது தொடங்கும் இடம் உடம்பின் அத்திப்பள்ளி: எல்லை. தாராளமாக அசையும் கழுத்து அங்கே முடிகிறது, விலா எலும்புகளால் கட்டுண்ட மார்பு தொடங்குகிறது. விசை வந்து மோதுவதற்கும் முறிவு நேர்வதற்கும் வாகான இடம். எக்ஸ்ரேயில் இரண்டு தோள்களும் சேர்ந்து மறைப்பதும் இதே இடத்தைத்தான். ஆறு எலும்பு அழகாகத் தெரிந்து ஏழாவது வெள்ளை மூட்டத்தில் கரைந்துபோன பக்கவாட்டுப் படம், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரைப்படம். ஏழாவது எலும்பு முழுதாகவும் அதற்கடுத்த எலும்பின் மேல்விளிம்பும் தெரியாதவரை அந்தக் கழுத்தில் முறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது பாடநூல் விதி.

ஓசூரில் இது நித்தியப் பாடு. மூட்டை ஏற்றி இறக்கும் தோள்கள், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கூடை சுமந்த தோள்கள், தறித்துச் செய்தது போன்ற பட்டறைத் தோள்கள் கழுத்தின் அடிப்பாதியை மூடிக்கொள்ளும். விபத்து இல்லாத நோயாளி என்றால் வழி எளிது. நிற்க வைத்து, இரண்டு கையிலும் ஆளுக்குத் தக்கபடி இரண்டு முதல் நான்கு கிலோ எடையைக் கொடுத்துத் தொங்கவிடச் சொன்னால் தோள் இறங்கும். பிறகு மூச்சை முழுவதும் வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்ல வேண்டும். மூச்சு உள்ளே போனால் தோள் ஏறும், வெளியே போனால் இறங்கும்.

இங்கேதான் எல்லையூரின் கூத்து ஆரம்பிக்கிறது. வேலைக்குச் சேரும்போது மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர்கள், இயந்திரத்தின் முன் நிறுத்தியதுமே நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மார்புப் படத்துக்கு அது சரி, கழுத்துக்கு நேர் எதிர். அதோடு மொழி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் புழங்கும் ஊருக்கு இப்போது வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்த தொழிலாளர்களின் இந்தியும் சேர்ந்திருக்கிறது. மூச்சைத் தெலுங்குக்காரர் 'ஊபிரி' என்பார், இந்திக்காரர் 'சாஸ்' என்பார். வேறு சொல்லாகவே இருப்பதால் இவற்றில் குழப்பமில்லை. குழப்பம் உறவுக்கார மொழியில்தான்.

கன்னடத்தில் மூச்சுக்கு 'உசிரு'. நம் கிராமத்து 'உசுரு'வின் கூடப்பிறந்தது, பொருள்தான் சற்றே நகர்ந்திருக்கிறது. மூச்சை விடுங்கள் என்பதற்குக் கன்னடத்தில் 'உசிரு பிடி'. 'பஸ்' என்பதில் வரும் பகரத்தோடு சொல்ல வேண்டும். தமிழின் வகரம் கன்னடத்தில் அந்தப் பகரமாகும்: வா என்பது பா, விடு என்பது பிடு. தமிழின் பகரமோ ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பிடி ஹிடி. ஆக, 'விடு' என்று கன்னடக்காரர் சொல்வது தமிழ்க் காதில் 'பிடி' என்றே விழும். ஆனேக்கல்லில் படித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர், பாகலூர்த் தமிழரிடம் பழக்கதோஷத்தில் 'உசிரு பிடி' என்றால், அவர் உசுரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். தோள் காது வரை ஏறும், ஏழாவது எலும்பு காணாமல் போகும். மொழியியல் வகுப்பில் சொல்ல வேண்டிய ஒலிமாற்ற விதி எக்ஸ்ரே அறையிலும் வேலை பார்க்கிறது. புத்திசாலியான எக்ஸ்ரேக்காரர் சொல்லோடு நிற்க மாட்டார். தானே ஒருமுறை ஊதி மூச்சை விட்டு, தோளைத் தொங்கப் போட்டுக் காட்டிவிடுவார்.

அப்படியும் தோள் மறைத்தால் 'ஸ்விம்மர்' என்ற பொசிஷன் இருக்கிறது. தட்டை ஒட்டிய கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறுகையை உடம்போடு கீழே இறக்கினால், நீச்சலில் ஒரு கை வீசியவர் போல இரண்டு தோள்களும் மேலும் கீழுமாக விலகும். இடையே கிடைக்கும் சந்தில் எல்லை எலும்புகள் தெரியும். அடிபட்ட கழுத்துக்கு இதை மருத்துவர் அனுமதியில்லாமல் செய்யலாகாது.

ஆக்சிஸ் எலும்பின் உச்சியில் பல் போல ஒரு முளை உண்டு. அட்லஸ் அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் தாடையும் பற்களும் அதை மறைக்கும் என்பதால், வாயைத் திறக்கச் சொல்லி வாய்க்குள்ளாகவே படம் எடுக்கிறார்கள். மேல்வரிசைப் பல்லின் நுனியும் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பு முனையும் படத்தட்டுக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் வர வேண்டும். முகவாய் கொஞ்சம் தாழ்ந்தால் முளையைப் பல் மறைக்கும், கொஞ்சம் உயர்ந்தால் பின்மண்டை மறைக்கும். நாக்கு எழும்பாமல் இருக்க மெல்ல 'ஆ' சொல்லச் சொல்வது வழக்கம். ஓசூரின் எல்லா மொழிக்காரர்களுக்கும் விளங்கும் கட்டளை இது ஒன்றுதான்! தலை ஒரு பக்கம் லேசாகத் திரும்பியிருந்தாலும் முளைக்கு இருபுறமும் உள்ள இடைவெளி ஏறுமாறாகி, இல்லாத பிசகு இருப்பதாகப் படம் சொல்லிவிடும்.

நேர்முகப் படத்துக்குக் குழாயை 15 முதல் 20 டிகிரி வரை மேல்நோக்கிச் சாய்க்கிறார்கள். கழுத்தெலும்புகள் நாட்டு ஓடு வேய்ந்தது போல, மேலெலும்பின் முன்விளிம்பு கீழெலும்பின் மேல் சற்று வழிந்திருக்கும். ஓட்டின் சரிவிலேயே பார்வை போனால்தான் இடைவெளி தெரியும்.

கதவு சாத்தியதும் முதலில் வரும் சிக்கல் உலோகம். ஜிமிக்கி, ஹேர்பின், கழற்றும் பல்செட், சிலசமயம் ஈரத்தோடு இறுகப் பின்னிய சடையே ஒரு நிழலாக விழும். ஆனால் உண்மையான தயக்கம் தாலிச் சங்கிலிக்கு. கழற்றுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் இளைஞருக்கு அந்த அறையில் ஒத்துழைப்பு போய்விடும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு சங்கிலியைக் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு வரும் வழி நம் பெண்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு நிமிடம் கொடுப்பதும் பொசிஷனில் சேர்ந்ததுதான். கர்ப்பமா என்று கேட்க வேண்டிய கேள்வியையும், கூட வந்த கூட்டத்தின் முன்னால் கேட்காமல், கதவைச் சாத்தியபின் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நடந்து வந்த நோயாளிக்கு. கழுத்தில் காலர் பட்டையோடு ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கு விதிகள் தலைகீழ். நிற்க வைக்கக் கூடாது, எடை கொடுக்கக் கூடாது, முகவாயை உயர்த்தக் கூடாது, படம் நன்றாக வராது என்று காலரைக் கழற்றக் கூடாது. மல்லாந்து கிடப்பவர் கிடந்தபடியே கிடக்க, குழாய் தாழ்ந்து வந்து தரைக்கு இணையாகக் கதிரை வீச வேண்டும். முதல் படம் பக்கவாட்டுப் படம். அதை மருத்துவர் பார்த்த பிறகே மற்றவை. நகர்த்தியே தீர வேண்டுமானால் நான்கைந்து பேர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போலத் தலை, தோள், இடுப்பு, கால் ஒரே சமயத்தில் திரும்பும்படி உருட்ட வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் சொன்னால்தான் மற்றவர் கை அசையும். ஹெல்மெட்டுக்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்ற. சாலையோரத்தில் நல்ல மனசோடு ஓடிவந்து ஹெல்மெட்டைப் பிடுங்கி, தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விபத்துக்காரர் எல்லாருக்கும் கழுத்துப் படம் வேண்டுமா? 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 21 மருத்துவமனைகளிலிருந்து 'நெக்சஸ்' என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 34,069 பேரில் கழுத்தில் காயம் இருந்தது 818 பேருக்கு. நடுக்கழுத்தில் அழுத்தினால் வலி இல்லை, போதை இல்லை, நினைவு தெளிவு, நரம்புக் குறைபாடு இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய வலி இல்லை: இந்த ஐந்தும் பொருந்தினால் படம் தேவையில்லை என்பது அந்த ஆய்வின் அளவுகோல். அது தவறவிட்டது 8 பேரை மட்டுமே. பலத்த அடிபட்ட பெரியவர்களுக்கு இன்று வசதியுள்ள மருத்துவமனைகள் நேரே சி.டி. ஸ்கேனுக்குத்தான் போகின்றன. சாதாரண எக்ஸ்ரே அங்கே பின்வரிசைக்குப் போய்விட்டது. ஸ்கேன் இல்லாத இடங்களில் அந்த ஒரு பக்கவாட்டுப் படம்தான் இன்னும் வாசற்காவல்.

காயத்தை விட்டு நோய்க்கு வந்தால், கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணுக்கே உரிய ஒரு கழுத்து இருக்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காவிட்டால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் இருந்த கிணற்று நீரை வருடக்கணக்காகக் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகி, தசைநார்கள் சுண்ணாம்பாகி, முதுகு கம்பாகிவிடும். பக்கத்தில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்பிப் பார்ப்பார்கள். முற்றினால் தண்டுவடம் நெருக்குண்டு கைகால் தளரும்.

இந்த எலும்பு நோயை மருத்துவ உலகுக்கு விரிவாகக் காட்டிய முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்று சென்னை மாகாணத்திலிருந்து போனது. நெல்லூர் மாவட்ட நோயாளிகளைப் பற்றி 1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்ட், நாயர் ஆகிய நால்வர் எழுதியது. மூன்றாவது பெயரைச் சென்னைக்காரர்கள் அடையாளம் காண்பார்கள். 1934இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் திறக்கப்பட்ட பார்னார்ட் கதிரியல் நிலையம் அந்தக் கேப்டன் டி. டபிள்யூ. பார்னார்டின் பெயரைத்தான் சுமக்கிறது. கண்ணுக்கு முதுமை போலவும் வாதம் போலவும் தோன்றிய விறைப்பு, எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. கிராமத்துக் கிணற்றின் குற்றத்துக்கு எலும்பின் நிழல் சாட்சி.

ஜப்பான் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே குடிநீரோடு ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. காவிரி நீர் குழாயில் வருவது இனி வளரும் எலும்புகளுக்குக் காப்பு. முன்பே இறுகிப்போன பெரியவரின் கழுத்து இளகிவிடாது. எக்ஸ்ரே அறைக்கு வந்த அவரிடம் 'வாயைத் திறந்து முகவாயைத் தூக்குங்க பெரியவரே' என்று கேட்டால், வாய் திறக்கும், முகவாய் அசையாது. அனுபவமில்லாதவர் நெற்றியில் கைவைத்துப் பின்னால் தள்ளுவார். இறுகிய கழுத்தெலும்பில் அது பொல்லாத வேலை. அனுபவஸ்தர் பெரியவரை விட்டுவிட்டுக் குழாயிடம் போவார். தலை எத்தனை டிகிரி குறைகிறதோ அத்தனை டிகிரி குழாயைச் சாய்ப்பார். கதிருக்கும் எலும்புக்கும் நடுவே கோணம் சரியாக இருந்தால் போதும். யார் சாய்ந்தார்கள் என்று நிழலுக்குத் தெரியாது.

இனி ஒரு புகார். கழுத்து வலி என்று போகிறவர்களின் எக்ஸ்ரே அறிக்கைகளில் அடிக்கடி வரும் வாசகம், கழுத்தின் இயல்பான வளைவு குறைந்து நேராகியிருக்கிறது, தசைப்பிடிப்பு காரணமாக இருக்கலாம் என்பது. நாள் முழுக்கக் குனிந்து சின்னச் சின்னப் பாகங்களைக் கோக்கும் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் இந்த வரியைப் படித்து மிரண்டு போகிறார்கள். படம் எடுத்த கணத்தில் முகவாயைச் சற்றே உள்ளே இழுத்திருந்தாலும், படுக்க வைத்து எடுத்திருந்தாலும், நல்ல கழுத்தும் நேராகத்தான் தெரியும். ராணுவ மிடுக்கோடு விறைத்து நில் என்று சொல்லிவிட்டு, விறைப்பு இருக்கிறது என்று எழுதுவதில் என்ன நியாயம்? 'எலும்பு தேய்வு' கதையும் இப்படித்தான். கழுத்தில் எந்த வலியும் இல்லாத 200 பேரைப் படம் எடுத்த 1986ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 60 முதல் 65 வயது ஆண்களில் 95 சதவீதத்தினருக்கும் பெண்களில் 70 சதவீதத்தினருக்கும் தேய்மான அடையாளம் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. நரைத்த தலைமுடியை யாரும் நோயாக எழுதிக்கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் வழிகாட்டும் நூல் இருக்கிறது. இங்கிலாந்தின் கேத்லீன் கிளார்க் என்ற ரேடியோகிராபர் 1939இல் வெளியிட்ட பொசிஷன் நூல், பதிப்பு மேல் பதிப்பாக இன்றும் அவர் பெயரோடு வந்துகொண்டிருக்கிறது. அதன் முக்கியப் பயன் ஒரே தடவையில் படத்தைச் சரியாக எடுப்பது. ஒரு கழுத்து எக்ஸ்ரே பரிசோதனையில் உடம்பு பெறுவது சுமார் 0.2 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையாகவே நாம் ஒரு மாதத்தில் பெறும் கதிர்வீச்சளவு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூச்சுக் குழப்பத்தாலும் மறந்துபோன ஜிமிக்கியாலும் நான்கு தடவை எடுத்தால் அது நான்கு மடங்காகும். பொறுமையாகக் கழுத்தை நிறுத்த வேண்டியவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றால் என்னாகும் என்பதை நிர்வாகங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கடைசியாகக் குழந்தைகள். காசை விழுங்கிவிட்டான் என்று தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நேர்ப்படத்தில் காசு வட்டமாக முழுமுகம் காட்டினால் பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கிறது, ஓரளவு மூச்சு விடலாம். விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் மூச்சுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். தொண்டைச் சீழ்க்கட்டி என்று சந்தேகித்துப் பக்கவாட்டில் எடுக்கும் படம் இன்னும் தந்திரமானது. குழந்தை தலையைக் குனிந்திருந்தாலோ, அழுது மூச்சை வெளியே தள்ளும்போது எடுத்தாலோ, எலும்புக்கு முன்னாலுள்ள சதை தடித்து, இல்லாத கட்டி இருப்பது போலத் தெரியும். பெரியவர்களுக்கு மூச்சு வெளியே, இங்கே உள்ளே. சொன்னால் கேட்கிற வயதுமில்லை. பாட்டி ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு மடியில் வைத்திருப்பார், வளையல்கள் ஏற்கெனவே மேசைமேல் வந்திருக்கும், குழாய் குழந்தையின் உயரத்துக்கு இறங்கியிருக்கும். எக்ஸ்ரேக்காரம்மா ஒரு விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு வீறிடல்களுக்கு நடுவே அவன் மூச்சை உள்ளே இழுக்கப்போகும் அந்தக் கணத்துக்காகக் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருப்பார்.